தன் புகையைத் தானே விழுங்கும் எஞ்சின்

கல்முனைக்கு ரயில் இல்லை. கொழும்பிலிருந்து கிழக்கே வரும் தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கடலை ஒட்டி நெருக்கியடித்துக் கிடக்கும் ஊர்களுக்கு ரோட்டை விட்டால் வேறு வழி கிடையாது. கட்டுநாயக்கவில் விமானம் ஏறப் போகிறவர், மஹரகமவுக்கு நோயாளியைக் கூட்டிப் போகிறவர், புறக்கோட்டையில் சரக்கெடுக்கப் போகிற கடைக்காரர் எல்லோரும் இஷாத் தொழுகை முடிந்த கையோடு வேனிலோ பஸ்ஸிலோ ஏறி, விடிகிற நேரத்தில் கொழும்பில் இறங்குகிறார்கள்.

அந்த வேன் பெரும்பாலும் 2004இல் வந்த வடிவத்து டொயோட்டா ஹையேஸ். ஊருக்குள் அதற்குக் கேடிஎச் என்று பெயர். அதில் வரும் 2கேடி எஞ்சினின் கொள்ளளவு 2494 சீசீ, ஏறத்தாழ இரண்டரை லீற்றர். நான்கு சிலிண்டர்களும் ஒருதரம் காற்றால் நிரம்ப எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். நிமிடத்துக்கு 2000 சுற்று என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 2500 லீற்றர். எட்டு மணி நேரப் பயணத்துக்கு 12 இலட்சம் லீற்றர். நிறையில் 1400 கிலோ. டர்போ கூடுதலாகத் திணிப்பதை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் ஒரு நாளில் இழுத்துவிடும் காற்று சுமார் 11 ஆயிரம் லீற்றர். அவர் நூறு நாளுக்கு மேல் சுவாசிக்கும் காற்றை வேன் ஒரே இரவில் குடித்து முடிக்கிறது. அதே இரவில் எரிக்கிற டீசலோ நாற்பது லீற்றர் அளவுதான்.

டீசலுக்குக் காசு கொடுக்கிறோம், அதனால் கணக்கு வைத்திருக்கிறோம். காற்று சும்மா வருகிறது. அது எந்த வழியால் போகிறது, அந்த வழி எந்த நிலையில் இருக்கிறது என்று வண்டி இழுக்காமல் போகும்வரை யாரும் கேட்பதில்லை.

வழி நீளமானது. முதலில் காகித மடிப்புகள் கொண்ட எயார் ஃபில்டர். அதை அடுத்து, போகிற காற்றை எடைபோடும் ஒரு சிறு சென்சர். பிறகு டர்போ, அது காற்றை அமுக்கும்போது காற்று சூடாகிவிடும் என்பதால் அதைக் குளிர வைக்க இன்டர்கூலர். கடைசியில்தான் இன்டேக் மெனிபோல்ட் வருகிறது: ஒரு வாயால் வாங்கி நான்கு சிலிண்டருக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கும் அலுமினிய வார்ப்பு. அதற்குள் சுழலும் பாகம் பெரும்பாலும் எதுவுமில்லை. உராய்வில்லை, தீயில்லை. பழுதாவதற்குக் காரணமே இல்லாத ஒரு பொருள் என்றுதான் தோன்றும்.

ஆனால் ஓரிரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடிய டீசல் வேனில் அதைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். உள்ளங்கை நுழைகிற அளவு வாயில் கட்டைவிரல்தான் நுழையும். மிச்ச இடம் முழுவதும் கறுப்பு. மேற்பரப்பு ஈரமாக, விரல் வைத்தால் தார்போல ஒட்டும்; அதற்கு அடியில் ஸ்க்ரூட்ரைவரால் கீறினால் ஓடு ஓடாகப் பெயர்ந்து வரும். மணத்தில் பழைய ஒயிலும் சைலன்சர் புகையும் கலந்திருக்கும். காற்று மட்டும் போகவேண்டிய பாதையில், ஃபில்டரைத் தாண்டி, இவ்வளவு கரி எப்படி வந்தது?

ரோட்டிலிருந்து வரவில்லை. எஞ்சினின் பின்வாசலிலிருந்து வந்தது. சைலன்சருக்குப் போகவேண்டிய புகையில் ஒரு பங்கைக் குழாய் போட்டு எடுத்து, மறுபடி முன்வாசலில் விடுகிறார்கள். வேண்டுமென்றேதான் செய்கிறார்கள்.

ஏன் என்று விளங்க டீசல் எஞ்சினின் குணத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ருடோல்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பேர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சினில் தீப்பொறி கிடையாது, இன்றைய டீசலிலும் கிடையாது. பிஸ்டன் வெறும் காற்றைப் பதினாறில் ஒன்று, பதினெட்டில் ஒன்று என்று நெரிக்கிறது. அந்த நெரிப்பிலேயே காற்று 500 பாகை செல்சியசைத் தாண்டிக் கொதிக்கிறது. அதற்குள் டீசலைப் பீச்சினால் தானாகப் பற்றிக்கொள்கிறது. பெற்றோல் எஞ்சினில் அக்சிலரேட்டரை மிதித்தால் காற்றுக் கதவு திறக்கும். டீசலில் மிதித்தால் கூடுவது எரிபொருள். காற்று எப்போதும் முழுசாகத்தான் போகும். ஒரு கிலோ டீசல் எரிய 14.5 கிலோ காற்றுப் போதும். சும்மா நின்று உறுமும்போது அதைப்போலப் பல மடங்கு காற்று உள்ளே இருக்கும்.

டீசல் எஞ்சினின் சிக்கனத்துக்கு இதுதான் காரணம். அதன் நஞ்சுக்கும் இதுதான் காரணம். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். மூன்று பிணைப்புகளால் இறுகப் பூட்டிய அந்த மூலக்கூறு சாதாரணமாக யாரோடும் சேராது. அதனால்தான் நாம் அதை மூச்சுக்கு மூச்சு இழுத்தும் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் சுடர் 1500 பாகையைத் தாண்டிப் போகும்போது அந்தப் பூட்டு உடையத் தொடங்குகிறது. உடைந்த நைதரசனைப் பக்கத்தில் மிச்சமாக நிற்கும் ஒட்சிசன் பிடித்துக்கொள்கிறது. இது எந்தப் படிகளில் நடக்கிறது என்பதை 1940களில் சோவியத் பௌதிகவியலாளர் யாக்கோவ் செல்டோவிச் விளக்கினார். அவர் பெயரால்தான் அது இன்றும் அறியப்படுகிறது. பிறக்கும் நைதரசன் ஒட்சைட்டுகள் நுரையீரலை எரிச்சலூட்டும், ஆஸ்துமாவைக் கிளப்பும், வெயில் பட்டால் தரைமட்டத்திலேயே ஓசோனை உண்டாக்கும்.

இதைத் தடுக்கப் பொறியியலாளர்கள் கண்டது ஒரு குறுக்குவழி. எரிந்து முடிந்த புகையில் ஒட்சிசன் குறைவு; காபனீரொட்சைட்டும் நீராவியும் அதிகம். அதைக் கொஞ்சம் உள்ளே கலந்தால் சுடருக்குக் கிடைக்கும் ஒட்சிசன் குறையும், பிறக்கும் வெப்பத்தில் ஒரு பகுதியை அந்த வாயுக்கள் உறிஞ்சும், உச்ச வெப்பநிலை இறங்கும். நைதரசனின் பூட்டு உடையாது. இந்தப் புகையின் வழியைத் திறந்து மூடும் வால்வுக்குத்தான் ஈஜிஆர் வால்வு என்று பெயர். எஞ்சின் சும்மா நிற்கும்போதும் மெதுவாக ஓடும்போதும் அது நன்றாகத் திறந்திருக்கும். சில எஞ்சின்களில் உள்ளே போவதில் பாதி வரை புகையாக இருக்கும். முழுசாக மிதித்து ஏற்றம் ஏறும்போது மூடிக்கொள்ளும்.

ஆகவே மெனிபோல்டுக்குள் கரி சேர்வது, மலை ஏறும் வண்டியைவிட, கல்முனை பஸாரில் முதலாம் இரண்டாம் கியரில் ஊர்ந்து, டிஸ்பென்சரி வாசலில் ஏசி போட்டபடி அரைமணி நேரம் நின்று, திரும்ப வீட்டுக்கு ஊர்ந்து வரும் வண்டியில்தான் அதிகம். இரவெல்லாம் கொழும்பு ஓடும் வேனைவிட, வாரம் முழுக்க ஊருக்குள் பொத்திப் பொத்தி ஓட்டும் வேன் சீக்கிரம் அடைபடும். கேட்பவர்கள் நம்புவதில்லை.

புகை மட்டும் வந்தால் அது தூசியாகப் படிந்து, காற்றோடே அடித்துப் போயிருக்கும். ஒட்டுவதற்குப் பசை வேண்டுமே. அதுவும் எஞ்சினே தருகிறது. பிஸ்டன் வளையங்களின் இடுக்கால் கொஞ்சம் வாயு கீழே கசிந்து ஒயில் இருக்கும் அறைக்குள் போகும். அங்கே அமுக்கம் கூடிவிடாமல் ஒரு குழாயால் அதை டர்போவுக்கு முன்னால் கொண்டுவந்து விடுகிறார்கள். அதோடு ஒயில் ஆவியும் வருகிறது. எஞ்சின் தேயத் தேய இந்த ஆவி கூடும். இன்டர்கூலரில் குளிர்ந்து சொட்டாகும் ஒயில், மெனிபோல்ட் வாசலில் புகைக்கரியைச் சந்திக்கிறது. எரியாத டீசலின் கனமான பகுதிகளும் குளிர்ந்த சுவரில் வடிகின்றன.

இங்கே ஒரு நுணுக்கமான பௌதிகம் இருக்கிறது. புகைக்கரியின் துணிக்கைகள் மிகச் சிறியவை. பத்தாயிரத்தை வரிசையாக அடுக்கினாலும் ஒரு மில்லிமீற்றரைத்தான் எட்டும். அவ்வளவு சிறியவை காற்றோட்டத்தோடு வளைந்து நெளிந்து போய்விடத்தானே வேண்டும், சுவரில் ஏன் மோதுகின்றன? சூடான பக்கத்து வாயு மூலக்கூறுகள் வேகமாக இடிக்கின்றன. குளிர்ந்த பக்கத்தவை மெதுவாக இடிக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் மாட்டிய துணிக்கை சூட்டிலிருந்து குளிரை நோக்கித் தள்ளப்படுகிறது. மின்சாரம் வராத காலத்து வீடுகளில் குப்பி விளக்குக்கு மேலே சுவர் கறுத்திருந்ததும் பாதி இதனால்தான். சூடான புகையும் குளிர்ந்த அலுமினியமும் சந்திக்கும் இடம் மெனிபோல்டின் வாசல். முதலில் அடைபடுவதும் அந்த வாசல்தான்.

கணக்கும் கொடுமையானது. 40 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளையில் சுற்றிவர 5 மில்லிமீற்றர் படிந்தால் பாதை கொஞ்சம்தான் குறைந்தது என்று கண் சொல்லும். விட்டம் 30 ஆகிறது, பரப்பு 56 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது. 10 மில்லிமீற்றர் படிந்தால் மிஞ்சுவது கால்வாசி.

இனி கராஜுக்குப் போவோம். கொழும்புப் பயணத்தில் வெல்லவாயவைத் தாண்டி, தியலும நீர்வீழ்ச்சியைக் கடந்து பெரகலவுக்கு ஏறும் ஏற்றத்தில்தான் பல வேன்களின் நோய் வெளியே வருகிறது. மட்டமான கடற்கரை ரோட்டில் ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில் பதினான்கு பேரும் மேலே சாமானுமாக இழுக்கும்போது மிதித்த மிதிக்குச் சத்தம் வருகிறது, வேகம் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. அடுத்த நாள் உரையாடல் ஏறக்குறைய எல்லாக் கராஜிலும் ஒன்றுதான்.

"காக்கா, ஏத்தத்துல இழுவையே இல்ல. டர்போ போயிட்டுப் போல."

"அவசரப்படாதீங்க தம்பி. முதல்ல ஹோசப் பாப்பம்."

அந்த இரண்டாவது வரியைச் சொல்கிறவரிடம் வண்டியை விடலாம். வண்டி இழுக்காவிட்டால் பழி முதலில் விழுவது டர்போ மேல். அதுதான் விலை கூடியது, பெயர் தெரிந்தது. புதுசு மாட்டி, ஏற்றத்தில் மறுபடி அதே புகை வந்தபிறகுதான் ஐந்நூறு ரூபாய் கிளிப் ஒன்று தளர்ந்திருந்தது தெரியவரும்.

கரும்புகை என்றால் டீசல் கூடிவிட்டது என்று சொல்வார்கள். பாதி உண்மை. பெரும்பாலும் டீசல் சரியாகத்தான் இருக்கும், காற்றுக் குறைந்திருக்கும். காற்றுக் குறைவதற்கு இரண்டு வழி: வழியில் அடைப்பு அல்லது வழியில் ஓட்டை. ஓட்டையின் கதைதான் சுவையானது. பெற்றோல் காரின் மெனிபோல்டில் வெளியைவிட அமுக்கம் குறைவு. வெடிப்பு இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். டர்போ டீசலில் அது தலைகீழ். உள்ளே அமுக்கம் கூட. ஓட்டையால் காற்று வெளியே ஓடும். காற்றை எடைபோடும் சென்சரோ டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. அது "இவ்வளவு காற்றுப் போனது" என்று எஞ்சினின் கம்பியூட்டருக்குச் சொல்லிவிடுகிறது. போன காற்றில் ஒரு பங்கு நடுவழியில் தப்பிவிட்டது அதற்குத் தெரியாது. கம்பியூட்டர் சொன்ன காற்றுக்கு அளவாக டீசலை விடுகிறது. சிலிண்டருக்குள் அவ்வளவு காற்று இல்லை. கரும்புகை. அதோடு முடிந்ததா என்றால் இல்லை. காற்று அதிகம் போவதாக நம்பிய கம்பியூட்டர், புதுக்காற்றின் பங்கைக் குறைக்க ஈஜிஆர் வால்வை இன்னும் திறக்கிறது. இன்னும் புகை உள்ளே வருகிறது, இன்னும் கரி படிகிறது. ஒரு ஹோஸின் வெடிப்பு, மாதக்கணக்கில், மெனிபோல்டையே அடைத்துவிடுகிறது.

ஓட்டையைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் வேண்டியதில்லை. வெளியேறும் காற்றில் ஒயில் ஆவி இருக்கிறது அல்லவா, அது ஓட்டையைச் சுற்றி விசிறி வடிவத்தில் ஈரக்கறை போடும். அதன்மேல் நம் ஊர் மணலும் அறுவடைக் காலத்துத் தூசியும் ஒட்டிக் கறுத்திருக்கும். டோர்ச் அடித்து ஒவ்வொரு மூட்டையும் கையால் தடவினாலே பாதி வேலை முடிந்தது. ஹோஸ்களின் அடிப்பக்கத்தைக் கட்டாயம் தடவ வேண்டும், வெடிப்பு எப்போதும் கண்ணுக்குப் படாத பக்கத்தில்தான் இருக்கும். அதிலும் பிடிபடாவிட்டால் புகைச் சோதனை. ஃபில்டர் பக்க வாயை அடைத்து, குறைந்த அமுக்கத்தில் வெண்புகையை உள்ளே ஊதினால் ஓட்டை எங்கே என்று புகையே எழுந்து காட்டும்.

ஸ்கேனர் வைத்திருக்கும் கராஜில் இன்னும் அழகான ஒரு சோதனை செய்யலாம். நிமிடத்துக்கு 800 சுற்றில் நிற்கும் இரண்டரை லீற்றர் எஞ்சின் இழுப்பது நிமிடத்துக்கு ஆயிரம் லீற்றர். செக்கனுக்கு 19, 20 கிராம் காற்று. ஸ்கேனரால் ஈஜிஆர் வால்வை மூடச் சொன்னால் சென்சர் கிட்டத்தட்ட அந்த எண்ணைக் காட்ட வேண்டும். திறக்கச் சொன்னால், புகை இடம் பிடிக்கிற அளவுக்கு எண் இறங்க வேண்டும். திறந்தாலும் மூடினாலும் எண் அசையவில்லை என்றால் வால்வு கரியில் இறுகியிருக்கிறது, அல்லது புகைவழி முற்றாக அடைபட்டிருக்கிறது. மூடியிருக்கும்போதும் எண் அநியாயத்துக்குக் குறைவு என்றால் ஃபில்டரைப் பாருங்கள், சென்சரைப் பாருங்கள். சென்சரின் மெல்லிய சூடான கம்பியில் படியும் தூசும் ஒயிலும் அதைப் பொய் சொல்ல வைக்கும். அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் கழுவ வேண்டும். துணியால் துடைத்தால் சென்சர் அத்தோடு சரி.

இன்னொரு சிறு குற்றவாளி, மெனிபோல்டில் குத்தியிருக்கும் அமுக்க சென்சர். அதன் துளை ஒரு பென்சில் முனை அளவு. கரி அதை அடைத்தால் உள்ளே அமுக்கம் எகிறினாலும் சென்சர் தூங்கும். ஒரு போல்ட்டைக் கழற்றித் துளையைச் சுத்தம் செய்ததோடு நோய் தீர்ந்த வண்டிகள் உண்டு. மலிவானதில் தொடங்கி விலை கூடியதற்குப் போவதுதான் நோய் தேடும் ஒழுங்கு. பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள்.

எல்லாம் பார்த்து, அடைப்புத்தான் என்று உறுதியானால் மெனிபோல்டைக் கழற்ற வேண்டியதுதான். அரைநாள் வேலை, சில வண்டிகளில் ஒரு நாள். கொமன் ரெயில் டீசலில் குழாய்களின் அமுக்கம் ஓடும்போது 1000 பாருக்கு மேலும் ஏறும். ஓடும் எஞ்சினில் அந்த நட்டுகளைத் தளர்த்தினால் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டுத்தான் தொட வேண்டும். கழற்றியதும் சிலிண்டர் தலையில் திறந்து நிற்கும் துளைகளைச் சுத்தமான துணியால் அடைக்க வேண்டும். பெயர்ந்து விழும் ஒரு கரித்துண்டு வால்வின் இருக்கையில் மாட்டினால் வால்வு சரியாக மூடாது; ஒரு நட்டு விழுந்தால் பிஸ்டனுக்குப் பதில் சொல்ல வேண்டும். சில எஞ்சின்களின் மெனிபோல்டுக்குள் காற்றைச் சுழற்றிவிடச் சிறு இதழ்கள் இருக்கும். கரியில் இறுகிய இதழைப் பலவந்தமாக அசைத்து முறிப்பதும், முறியப்போகிற இதழைப் பார்க்காமல் மாட்டுவதும் ஒரே முடிவுக்குத்தான் கொண்டுபோகும். பிஎம்டபிள்யூவின் ஒரு தலைமுறை டீசல் எஞ்சின்கள், உடைந்த இதழைச் சிலிண்டருக்குள் விழுங்குவதற்கே பெயர் போனவை.

கரியைக் கரைக்க எதைப் போடுவது? டீசலிலோ மண்ணெண்ணெயிலோ ஓர் இரவு ஊறவிட்டு, மரக்குச்சியாலும் பிரஷாலும் சுரண்டி, சவர்க்கார நீரால் கழுவி, நன்றாகக் காயவிடுவது மெதுவான வழி. அதுவே நல்ல வழி. அவசரக்காரர்கள் கோஸ்டிக் சோடாவைக் கலக்குகிறார்கள். வார்ப்பிரும்புக்கு அது பொருந்தும். அலுமினியத்துக்கு அது நஞ்சு. அலுமினியத்தைக் காப்பாற்றி வைத்திருப்பது அதன்மேல் தானாகப் படர்ந்த ஒட்சைட்டுப் படலம். கோஸ்டிக் முதலில் அந்தப் படலத்தைக் கரைக்கும், பிறகு உலோகத்தையே தின்னும், தின்னும்போது ஐதரசன் வாயுவை விடும். வாளிக்குள் நுரை பொங்குவதைக் கரி கரைகிறது என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கரைவது மெனிபோல்ட். பக்கத்தில் யாராவது பீடி பற்றவைத்தால் ஐதரசனும் தன் பங்கைக் காட்டும்.

கழற்றாமலே சுத்தம் செய்யும் ஸ்ப்ரேகளும் இருக்கின்றன. லேசான படிவுக்குச் சரி. ஆனால் ஓடும் டீசல் எஞ்சினின் வாயில் எரியக்கூடிய எதையும் தாராளமாக விடுவது விளையாட்டல்ல. மேலே சொன்னதை நினையுங்கள்: டீசலில் வேகத்தைத் தீர்மானிப்பது காற்றல்ல, எரிபொருள். காற்றோடு சேர்ந்து எரிபொருளும் போனால் எஞ்சின் சாவியின் பேச்சைக் கேட்காது. சாவியைக் கழற்றினாலும் வேகம் ஏறிக்கொண்டே போகும். டர்போவின் சீல் போய் எஞ்சின் ஒயிலே உள்ளே பாய்ந்தாலும் இதே கதிதான். தன் ஒயிலைத் தானே குடித்துக் கதறி, பலவேளை உடைந்துதான் நிற்கும். மெனுவல் வண்டி என்றால் பிரேக்கை அழுத்தி, உயர்ந்த கியரில் போட்டு கிளட்ச்சை விட்டு அமுக்கி நிறுத்தலாம். இல்லாவிட்டால் காற்று வாயைத் தடிப்பான பலகையால் அடைக்க வேண்டும். கையை வைக்கக் கூடாது, துணியும் கூடாது, இழுத்துவிடும்.

மாட்டும்போது புது கேஸ்கட். பழையதில் பசை பூசி மாட்டியது ஏற்றத்தில் விசிலடிக்கும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஓர் ஓரத்திலிருந்து இறுக்கிக்கொண்டு வந்தால் வார்ப்பு வளையும். கூலண்ட் ஊற்றும்போது அதன் மட்டத்தைக் குறித்து வையுங்கள். ஈஜிஆர் புகையைக் குளிர வைக்கும் கூலரில் கசிவு இருந்தால் கூலண்ட் கரியோடு கலந்து உள்ளே படியும், அந்தக் கலவை தீப்பிடிக்கும். 2018இல் தென்கொரியாவில் பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தது இதனால்தான். தணல் சில கார்களில் இன்டேக் மெனிபோல்டையே உருக்கியது. அந்த வருடம் உலகெங்கும் 16 இலட்சம் கார்களை அந்தக் கம்பெனி திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. வெளியே சொட்டாமல் கூலண்ட் குறைகிறது என்றால் நீர் ஊற்றிக்கொண்டே ஓட வேண்டாம்.

இவ்வளவு பாடுபட்டுச் சுத்தம் செய்தபிறகு கராஜில் ஒரு கேள்வி வரும். "தம்பி, ஈஜிஆர அடைச்சு விடுவமா? இனி கரி சேராது." ஒரு தகட்டை கேஸ்கட் வடிவத்தில் வெட்டிப் புகைவழிக்குக் குறுக்கே வைத்துவிடுவார்கள். வேலை பத்து நிமிடம். கரியும் சேராது, உண்மை. வண்டிக்காரர்களைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. 2020இல் வாகன இறக்குமதி நின்றது. சொந்தப் பாவனை வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவில் பழைய வேன்களின் விலை கேட்டுத் தலைசுற்றியது. இருக்கிற வண்டியை எப்படியாவது ஓட வைக்க வேண்டும் என்றிருந்தவருக்குத் தகடு ஒரு வரம்போலத் தெரிந்திருக்கும்.

ஆனால் அந்தத் தகடு செய்வது என்ன? மெனிபோல்டில் சேர்ந்த கரியை நிறுத்திவிட்டு, செல்டோவிச் சொன்ன வேலையைச் சுடருக்குள் மறுபடி தொடங்கி வைக்கிறது. கரி கண்ணுக்குத் தெரியும், கழுவலாம். நைதரசன் ஒட்சைட்டு கண்ணுக்குத் தெரியாது. அது பஸாரில் நிற்கிற எல்லோரின் நெஞ்சுக்குள்ளும் போகிறது.

இந்தத் தகட்டைத் தகரத்தால் அல்லாமல் மென்பொருளால் செய்தவர்களும் இருந்தார்கள். 2013இல் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியாப் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவொன்று ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்களின் டிக்கியில் அளவுக் கருவிகளை ஏற்றிக்கொண்டு கலிபோர்னியா ரோடுகளில் ஓடியது. குழுவில் அரவிந்த் திருவேங்கடம் என்ற, நம் காதுக்குப் பழகிய பெயர் கொண்ட ஆய்வாளரும் இருந்தார். ஆய்வுகூடத்தில் சுத்தமாகத் தேறிய ஜெட்டா கார், ரோட்டில் சட்டம் அனுமதித்ததைவிட 15 முதல் 35 மடங்கு நைதரசன் ஒட்சைட்டைக் கக்கியது. 2015 செப்டெம்பர் 18இல் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் விடயத்தைப் பகிரங்கமாக்கியது. சோதனை நடக்கிறது என்று கண்டுபிடித்தால் ஒழுங்காக நடக்கவும், ரோட்டுக்கு வந்ததும் கட்டுப்பாட்டைத் தளர்த்தவும் கம்பியூட்டருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். உலகெங்கும் 110 இலட்சம் கார்கள். ஐரோப்பாவில் விற்றவற்றில் அந்தத் தளர்வு நடந்தது இதே ஈஜிஆர் வால்வில்தான்.

நீதிமன்றத்தில் வந்த வாதம்தான் நம் கராஜ்களில் நாளாந்தம் கேட்பது. வால்வைத் திறந்தே வைத்தால் எஞ்சின் அடைபடும், சீக்கிரம் கிழண்டிப் போகும். எஞ்சினைக் காப்பாற்றத்தானே குறைத்தோம் என்றார்கள். 2020 டிசம்பர் 17இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. திடீரென்று நேர்ந்து ஓட்டுநருக்கு ஆபத்தாகும் சேதத்தைத் தவிர்ப்பது வேறு. கரி படிவதும் தேய்வதும் எஞ்சினின் இயல்பு, அதைச் சாக்காக வைத்துக் கட்டுப்பாட்டை நிறுத்த முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். மெனிபோல்ட் கரி அவ்வளவு பெரிய மன்றம்வரை போயிருக்கிறது.

இலங்கையில் 2008 முதல் வாகனங்களுக்கு வருடாந்தப் புகைப் பரிசோதனை உண்டு. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. டீசல் வண்டியை நிறுத்தி, அக்சிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கச் சொல்லி, வரும் புகை எவ்வளவு இருட்டாக இருக்கிறது என்று ஒளி பாய்ச்சி அளக்கிறார்கள். அளப்பது கறுப்பை மட்டும். நைதரசன் ஒட்சைட்டை அளப்பதில்லை. ஈஜிஆரை அடைத்த வண்டியில் கறுப்புக் குறையும் என்பதால், தகடு வைத்த வேன் வைக்காத வேனைவிட நன்றாகவே தேறும். சட்டத்தின் கண்ணில் அது சுத்தமான வண்டி.

ஆகவே இதைப் பிடிக்க யாரும் வரப்போவதில்லை. கேட்க வேண்டியவர் வண்டிக்காரர்தான். அடுத்த முறை மெனிபோல்டைக் கழற்றும்போது புது கேஸ்கட் வாங்கிக் கொடுங்கள், ஈஜிஆர் வால்வையும் அதன் குழாயையும் சேர்த்தே கழுவச் சொல்லுங்கள், ஹோஸ்களை ஒருதரம் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். தகட்டை எடுத்தால், வேண்டாம் காக்கா என்று சொல்லுங்கள்.